மகன் பாஸ், அப்பா ரிப்பீட்

மகனுக்குத் தெரபி என்று கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் கொப்பியை என் கையில் தந்தா. "கிழமைக்கு ஒருக்காதான் வகுப்பு, அப்பா. மிச்ச நாளெல்லாம் நீங்கதான் தெரபிஸ்ட்." ஓ.எல். கணக்கையே ரெண்டாந்தரம் எடுத்துப் பாஸான ஆளை நம்பி!

இப்படி நம்புகிறது அவ மட்டும் இல்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரே வீட்டில் பயிற்சி கொடுத்து, பிள்ளைகள் முன்னேறியதைப் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழு 2016இல் ஆய்வாகவே வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனமோ பெற்றோருக்கு 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை என்று பாடத்திட்டம் போட்டிருக்கிறது. அப்பாமாரைத் திருத்த 12 தரம் போதுமாம், நல்ல மனிதர்கள்.

முதல் பாடம் சுகம்: கத்திக் கேட்டால் கொடுக்கக்கூடாது, படத்தைக் காட்டிக் கேட்டால் உடனே கொடுக்கவேண்டும். மகன் சட்டென்று பிடித்துக்கொண்டான். பிஸ்கட் படத்தைத் தூக்கிக் காட்டினான். நான் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் கத்தினான். பிஸ்கட் பறந்து வந்தது.

கொடுக்காமல் விட்டால் அழுகை முதலில் கூடும், பிறகுதான் இறங்கும் என்று மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தா. சொன்னபடியே கூடியது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. நான் சரியாக உச்சத்தில் கொடுத்தேன். இனி எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை இறுக்கும் என்று புறாக்களை வைத்துக் காட்டினவர் உளவியலாளர் ஸ்கின்னர். எங்கள் திருகோணமலையில் புறா எதற்கு? பிரெட்ரிக் கோட்டை மான்கள் இருக்கின்றனவே. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் தீன் கொடுப்பதில்லை; ஆனாலும் அதுகள் ஒவ்வொரு பையையும் மோந்து பார்க்கும். இதை மனைவிக்கு அங்கேயே நின்று விளக்கி முடித்தபோது, அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தைக் காணவில்லை.

பிள்ளை கத்தும், நாங்கள் விட்டுக்கொடுப்போம், கத்தல் நிற்கும். அந்த அமைதிதான் பெற்றோருக்குக் கிடைக்கிற பரிசு, அடுத்த முறை இன்னும் கெதியாக விட்டுக்கொடுப்பார்கள் என்று ஜெரால்ட் பட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிவைத்தார். உங்கள் வீட்டுக்கும் வந்து பார்த்தவர் போல இல்லையா? எங்கள் வீட்டில் பயிற்சி ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, ஆசிரியர்தான் மாறிவிட்டார்.

போன கிழமை மிஸ் புது ஸ்டார் சார்ட் ஒன்று தந்தா. பெயர் எழுதும் இடத்தில் என் பெயர். மகன் படத்தைக் காட்டும்போது நான் போனை வைத்தால் ஒரு ஸ்டார். "நிறைய ஸ்டார் சேர்ந்தால் உங்களுக்கு என்ன பரிசு வேணும், அப்பா?" என்று கேட்டா.

"கிரிக்கெட் பார்க்க விடுங்கோ, மிஸ்."