பரண்ல படுக்கப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, நம்ம வீட்டு மேல பரண் ரூம் கட்ட போன்ல நீ அனுப்பின பிளானைப் பார்த்தேன். கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பார்த்தேன். அருமை! பெங்களூரு இன்ஜினியர் போட்டதாச்சே, தொட்டியில இருக்கிற செடிகூட வாடாம நிக்குது. சரிவுக் கூரை, அதுக்கு அடியில கட்டில், அண்ணாந்தா ஆகாசம் தெரியற கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளிய பனி கொட்டற படம் வேற போட்டிருக்கான் புண்ணியவான். நம்ம மொரப்பூர்ல பனி கொட்டட்டும், முதல் கம்பளி என் செலவு.

கட்டவேண்டாம்னு நான் சொல்லலடா. கிழவன் குறுக்க விழுந்தான்னு உன் பொண்டாட்டிகிட்ட பேர் வாங்க நான் தயாரா இல்ல. தெரிஞ்சதைச் சொல்றேன், அவ்வளவுதான்.

நம்ம பழைய ஓட்டு வீட்டுல பரண் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? புளி, விதை ராகி, ஓட்டை அண்டா, உங்க பாட்டி கல்யாணத்துக்குக் கொண்டாந்த தகரப் பெட்டி எல்லாம் மேல இருக்கும். மனுசன் மட்டும் கீழ. சித்திரை வெயில்ல மேல ஏறிப் பார்த்தவனுக்குத்தான் காரணம் தெரியும். புளிக்கு வேர்க்காது. உனக்கு வேர்க்கும்.

இதையே கவர்மெண்டும் எழுதி வெச்சிருக்கு. இந்திய தர நிர்ணய அமைவனம் 2016ல போட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்புல, கூரைச் சரிவுல மிஞ்சற இடம் லாஃப்ட்டாம். உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல கூடாது, சாமான் வைக்க மட்டும். மனுசன் தங்கணும்னா தரையில இருந்து மேல் தளம் வரைக்கும் 2.75 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது அடி. சரிவுக் கூரைன்னா சராசரி ஒன்பது அடி வரணும். உத்தரத்துக்கு அடியிலயும் கூரை தாழற ஓரத்துலயும் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. நம்ம கணக்குல ஏழடி பத்தரை இஞ்ச்.

உன் பிளான்ல என்ன இருக்கு? ரூம் அகலம் பதினாறு அடி. ஓரச் சுவர் அஞ்சடி, நடு முகடு பத்தடி. சராசரி ஏழரை. ஒன்பதுக்கு ஏழரை பாஸ் மார்க்கா? ஏழடிக்குக் குறையாம நீ நிமிர்ந்து நடக்கிறதுக்கு நடுவுல ஒன்பதரை அடி கிடைக்கும். ரெண்டு ஓரத்துலயும் மூணு மூணு அடிக்குக் குனிஞ்சுதான் போகணும். பெரியவங்களுக்கு மரியாதை தெரியாத பயலுக்கு அது நல்ல பழக்கம்தான்.

இதுல ஏழடி பீரோவை அஞ்சடிச் சுவர்ல சாத்தி வரைஞ்சிருக்கான். படுக்க வெச்சுக்கலாம் விடு. அது மேலயே நீயும் படுத்துக்கிட்டா கட்டில் காசும் மிச்சம்.

ரூமா அது நிக்கணும்னா சுவரை எட்டடிக்கு ஏத்து, முகட்டைப் பன்னிரண்டரைக்குத் தூக்கு. சரிவு ஓட்டுக்கும் ஒத்து வரும், சராசரியும் பத்தைத் தாண்டும். அப்புறம் கட்டில் தலைமாட்டை ஓரச் சுவருக்கு ஒட்டிப் போடு, நடமாட்டத்தை முகட்டுக்கு அடியில விடு, பீரோவை முக்கோணச் சுவர்ப் பக்கம் நிறுத்து. அந்த ரெண்டு முக்கோணச் சுவர்லயும் எதிரெதிரா ஜன்னல் வை. ஒத்தை ரூம் வீடுன்னா பரப்பு 9.5 சதுர மீட்டர், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாதுங்கிறாங்க. அதுல உனக்குக் கவலை இல்ல. ஆனா ஒண்ணு, இவ்வளவும் செஞ்சா அது பரண் கிடையாது, முழு மாடி ரூம். செலவும் முழுச் செலவு. இதை உன் இன்ஜினியர் சொன்னானா?

ஏசி போடற ரூமுக்கு மட்டும் 2.4 மீட்டர் உயரம் போதும்னு சலுகை இருக்கு. நல்ல சலுகை. கரண்டு போன ராத்திரி கூரை எந்திரிச்சு ஒன்பது அடிக்கு நிக்குமான்னு அங்க எழுதல.

அப்புறம் படிக்கட்டு. ஏணி வரைஞ்சு வெச்சிருக்கான். வீட்டுப் படிக்கு மிதி 25 சென்டிமீட்டருக்குக் குறையாம, ஏத்தம் 19க்கு மிஞ்சாம இருக்கணும். பத்தடி ஏறணும்னா பதினேழு ஏத்தம். தரையில பதிமூணு அடிக்கு மேல நீளத்துக்கு இடம் கேக்கும். அதைக் கீழ எங்க விடுவ? சாமி ரூமை எடுப்பியா, உங்க ஆத்தாவோட சமையக்கட்டை எடுப்பியா? நீயே போய்க் கேளு. நான் திண்ணையில உக்காந்து வேடிக்கை பார்க்கிறேன்.

அந்த பிளான்ல ஒரு மூலையில சின்ன எழுத்துல "தாத்தா ரூம்"னு போட்டிருந்துச்சே, அது என் கண்ணுல படாதுன்னு நெனச்சியா? ஓசூர்ல வேலை பார்க்கிறவன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து படுக்க இவ்வளவு பாடுபடறானேன்னு அப்பவே யோசிச்சேன். கீழ் ரூம் உனக்கு, ஏணி எனக்கு. ரயில்ல கிழவனுக்கு அப்பர் பெர்த் போட்ட கதையால்ல இருக்கு. டிடிஆர்கிட்டச் சொன்னாலாவது கீழ மாத்தித் தருவாரு.

சரி, அனுமதிக்கு வா. ஊராட்சிதானே, யார் கேக்கப் போறான்னு நெனைக்காத. 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சென்னைக்கும் பொருந்தும், மொரப்பூருக்கும் பொருந்தும். 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறை வந்திருக்கு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடு, தரைத்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோ இருந்தா ஆன்லைன்லயே உடனே அனுமதி. நம்மது ஒத்தைத் தள வீடு, அதனால நுழையலாமான்னு விசாரி. எதிர் வீட்டுக்காரன் ஏற்கெனவே மாடி கட்டினவன். அதுக்கு மேல இப்படி ஒரு ரூம் போட்டான்னா அந்தக் கதவு அவனுக்குச் சாத்திடும். சுயசான்றுன்னா கையெழுத்து உன்னுது. நாளைக்குத் தப்பு வந்தா தலையும் உன்னுது.

தெருவோரம் போற கரண்டு கம்பியையும் பாரு. வீட்டு லைனுக்குக் கீழ கூரை வந்தா 2.5 மீட்டர், பக்கவாட்டுல 1.2 மீட்டர் விலகி இருக்கணும். முகட்டைத் தூக்கச் சொன்னேன்னு கம்பியில கொண்டுபோய் முட்டிடாத. மொதல்ல கீழ்ச் சுவரும் அஸ்திவாரமும் இந்தப் பாரத்தைத் தாங்குமான்னு உன் இன்ஜினியரை நேர்ல வந்து பார்க்கச் சொல்லு. கம்ப்யூட்டர்ல நம்ம அஸ்திவாரம் தெரியாது.

அவசரப்பட்டு அடிக்கல் வெச்சுடாத. 1906ல மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் விட்டான் வெள்ளக்காரன், அப்புறம் தண்டவாளத்தையும் பேத்துட்டான். புதுப் பாதைக்கு 2019ல அடிக்கல் வெச்சாங்க. அடிக்கல் வெக்கறது பெரிய காரியமே இல்லடா இந்த ஊர்ல, கட்டி முடிக்கறதுதான்.

என் தீர்ப்பு இதுதான்: கட்டறதுன்னா ஒன்பது அடி சராசரிக்கு, படிக்கட்டோட, அனுமதி வாங்கி முழு ரூமாக் கட்டிக்கோ. காசு பத்தலைன்னா அஞ்சடிக்குள்ள லாஃப்ட் போட்டு இந்த வருசப் புளியை ஏத்து. ரெண்டுல எதுன்னாலும் சரி, பிளான்ல "தாத்தா ரூம்"கிறதை அழிச்சுட்டு உன் பேரை எழுதி அனுப்பு.