பாவை சிரிக்கிறாள், அட்வான்ஸ் அனுப்புங்கள்

சோளக்காட்டுச் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்க நாலு பேர் தட்டிப் பார்ப்பார்கள், காம்பை முகர்வார்கள், அப்புறமும் பேரம் நடக்கும். அதே சந்தையில் மிளகு விற்ற காசை, சென்னையில் கண்ணால் பார்க்காத வீட்டுக்கு ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்திருக்கிறான் எங்கள் ஊர்ப் பையன். படத்தில் வீடு அவ்வளவு அழகாம். வந்தவனைச் சிரித்தே கொல்லும் பாவை ஒருத்தி கொல்லிமலையில் இருந்தாள் என்பது பழங்கதை. இப்போது அவள் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப்போய், ஓ.எம்.ஆரில் டபுள் பெட்ரூம் வாடகைக்கு விடுகிறாள்.

வித்தை பழசுதான். ஓனர் ராணுவத்தில் இருப்பார், இல்லாவிட்டால் சி.ஐ.எஸ்.எஃப். திடீரென்று வடக்கே மாற்றல். சீருடைப் படம், ஆதார், கேன்டீன் அட்டை எல்லாம் கேட்காமலே வாட்ஸப்பில் வந்து விழும்; யாரோ ஒரு நிஜ ஜவானிடமிருந்து சுட்டவை. "மொதல்ல ஒரு ரூபா போடுங்க, செக் பண்ணிக்கலாம்." போட்டால் ரெண்டு ரூபாயாகத் திரும்பி வரும். ஆகா, என்ன நாணயம்! அடுத்தது இருபதாயிரம். அது வராது. திருப்பித் தருவதாக ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைத் தட்டினால் இன்னொரு இருபதாயிரம் காலி. பணம் வாங்க ரகசிய எண் எதற்கு? இதைச் சொல்லித்தர ஊரில் ஆளில்லை. செல்போன் விற்க மட்டும் ஆள் இருக்கிறது.

"படிச்ச பையனுக்கு இந்தப் புத்திகூட இல்லையா?" என்கிறார்கள். ஐயா, அவன் முதலில் நிஜ வீடுகளுக்குத்தான் போனான்.

"நீங்க என்ன ஆளுங்க?"

"மலையாளிங்க."

"கேரளாவா?"

"இல்லைங்க, கொல்லிமலை."

"ஓ… எஸ்.டி.யா? வீட்ல பெரியவங்களக் கேட்டுச் சொல்றோம் தம்பி."

பெரியவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டில் கறி சமைப்பியா என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் பேச்சிலருக்குக் கிடையாது. சாதி கேட்காமல், சட்டியைக் கேட்காமல், "எப்ப சார் குடி வர்றீங்க?" என்று கேட்டவன் அந்தத் திருடன் ஒருவன்தான். அந்த நகரம் அவனை 'சார்' என்றது அந்த ஒரு வாயால்தான்.

சட்டம் இல்லாமலா? 2017-ல் வாடகைச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. கூடவே ஒரு வால், 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்'. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறது நேர்மையான சென்னை. திருடன் கேட்டது இரண்டு மாதம். யாரை நம்புவான் பையன்?

புகார் கொடுக்கப் போனால், இது எங்கள் எல்லையில் வராது என்ற பதில். திருடனுக்கு மட்டும் எல்லை கிடையாது.

பணம் போன அதே மணி நேரத்தில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், காசை இடையில் மடக்க வாய்ப்புண்டு. வீட்டுக்குள் கால் வைக்காமல், பக்கத்து வீட்டில் விசாரிக்காமல், கரண்ட் பில்லில் யார் பெயர் என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வீட்டுக்காரப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். டூ-லெட் பலகையிலேயே வேண்டிய சாதியை எழுதித் தொங்கவிடுங்கள். எங்கள் பையன்களுக்குப் பஸ் காசாவது மிஞ்சும்.