பரிசை வாங்கியவர், பந்தி வைத்தவர்

கே: நோபல் பெற்ற எழுத்தாளர்களில் உங்களை அசரவைத்தவர் யார்?

ப: ஆஸ்திரேலிய நாவலாசிரியர் பேட்ரிக் ஒயிட். 1973-ல் நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோம் பக்கமே அவர் போகவில்லை. ஓவியர் சிட்னி நோலன்தான் அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். பரிசுப் பணத்தைக் கொண்டு ஓர் அறக்கட்டளை அமைத்தார் ஒயிட். எதற்கு? காலமெல்லாம் எழுதியும் உரிய கவனம் பெறாத சக எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்க! விண்ணப்பம் போடவே வேண்டாம். விருது தானாகத் தேடிவரும். 1974-ல் முதல் விருது கிறிஸ்டினா ஸ்டெட்டுக்கு. எத்தனை பெரிய மனசு பாருங்கள்!

1979-ல் புக்கர் இறுதிப் பட்டியலில் தன் நாவல் இடம்பெற்றதும், 'எடுத்துவிடுங்கள், இளையவர்களுக்குக் கிடைக்கட்டும்' என்றார். பதவியைப் பிடித்தவர் நாற்காலியை விடாத உலகத்தில் இப்படியும் ஒருவர்.

இத்தனைக்கும், சிட்னிக்கு வெளியே சிறு பண்ணையில் ஆடு வளர்த்து, காய்கறி பயிரிட்டு, ஆஸ்துமாவோடு போராடியபடி எழுதியவர். அங்கே பிறந்த 'வாஸ்' நாவல், 1957-ல் ஆஸ்திரேலியாவின் முதல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் இலக்கிய விருதை வென்றது. நடை கடினம்தான். ஐம்பது பக்கம் பொறுமையாகப் படியுங்கள்; பிறகு நாவலே உங்களை விடாது.