ஜோன்ஸ் வீட்டில் எத்தனை பேர்?

கே: சிம்ப்சன் குடும்பத்தார் எல்லோரையும் ஆங்கிலத்தில் குறிப்பிடும்போது, 'எஸ்'ஸுக்கு முன்னால் அபாஸ்ட்ரபி போட்டால்தான் என்ன?

ப: குடும்பத்தோடு வரச் சொன்னீர்கள், ஒரே ஆள் வந்து, "இது என்னுடையது" என்கிறார்! அபாஸ்ட்ரபி உடைமைக்கு, தலை எண்ண அல்ல. 1989 முதல் ஓடும் கார்ட்டூன் தொடரின் தலைப்பைப் பாருங்கள்: சிம்ப்சன், கூடவே வெறும் 'எஸ்'.

கே: ஜோன்ஸ் ஏற்கெனவே 'எஸ்'ஸில்தானே முடிகிறது?

ப: அதனால்தான் 'இஎஸ்' சேர்த்து ஜோன்ஸஸ். அந்தக் குடும்பத்துக்கு ஈடுகொடுக்கத் தவிக்கும் பக்கத்து வீட்டாரை வைத்து, 1913-இல் அமெரிக்காவில் பாப் மொமண்ட் தொடங்கிய படக்கதையின் தலைப்பிலேயே இந்தப் பன்மை இருக்கிறது. ஜோன்ஸ் வீட்டார் மட்டும் கதையில் தலைகாட்டவே இல்லை!

கே: பேபி பன்மையானால் 'ஒய்' போய் 'ஐஇஎஸ்' வருகிறதே, கென்னடிக்கும் அப்படித்தானா?

ப: குடும்பம் பெருகினால் ஆள் கூடும், பேர் மாறுமா? 'ஒய்' இருக்கட்டும், பின்னால் 'எஸ்' போதும். ஒருவர் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுவது இலக்கணம் மட்டுமல்ல, அவருக்குத் தரும் மரியாதை.