செஞ்சிக்கு வரும் மூட்டையை அடையாளம் காணும் முறைமை: ஒரு முன்னாய்வு

செஞ்சிக் கோட்டையை ஆராய்ந்தவர்கள் மதிலை அளந்தார்கள், பீரங்கியை எண்ணினார்கள், மூட்டையைச் சீண்டவில்லை. 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகையின் நடுவே மராத்தியர் தானிய வரத்தை மறித்ததும், கோட்டையை வளைத்திருந்த சுல்பிகர் கானின் முகலாயப் படையே வந்தவாசிக்குப் பின்வாங்கியது. எனவே, பார்சல் தாமதமே செஞ்சி வரலாற்றின் உந்துவிசை என்பது இவ்வாய்வின் முதல் முடிபு. மறுப்பவர்கள் மலையடிவாரத்தில் நிற்கும் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம்–திருவண்ணாமலை பாதை இன்னும் திட்டமாகத்தான் இருக்கிறது. ஆகவே சரக்கெல்லாம் லாரியில்தான் வந்திறங்க வேண்டும். புக்கிங் ஆபீசில் மூட்டையைப் போட்டால் எல்.ஆர். என்னும் ரசீது தருவார்கள். அனுப்புபவர், பெறுபவர், உருப்படி எத்தனை, எடை எவ்வளவு, வாடகை 'பெய்டா' 'டு பேயா' என்பதெல்லாம் அதில் இருக்கும். 'டு பே' என்றால் வாடகை வாங்குபவர் தலையில். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மைத்துனனுக்கும் மச்சானுக்கும் இடையே ஏற்படும் மனமாற்றம் தனி ஆய்வுக்குரியது.

ஆனால் லாரியிலிருந்து சரக்கை இறக்குகிற லோடுமேன் எல்.ஆரைப் படிப்பதில்லை. அவருக்கு வேண்டியது மார்க்கா. சாக்கின் வயிற்றில் நீல மையால் கடையின் தலைப்பெழுத்து, கீழே ஊர், அதற்கும் கீழே 7/3. ஏழு உருப்படியில் இது மூன்றாவது. மை கசிந்து 3 என்பது 8 ஆகிவிட்டால், ஏழில் எட்டாவது மூட்டை என்ற தத்துவச் சிக்கல் எழும். லோடுமேன் அதற்கெல்லாம் அசரமாட்டார். கோணி ஊசித் தையலையும் சாக்கின் காதைக் கட்டியிருக்கும் சணலையும் விரலால் தடவி, "இது அண்ணாச்சி கடை மிளகா, எடுத்துப் போடுப்பா" என்று சொல்லிவிடுவார். மிளகாய் என்பதற்குத் தும்மலே சான்று.

எண் கட்சியாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு செஞ்சிக்கு 604202 என்ற எண்ணைக் கொடுத்தது. முதல் மூன்று இலக்கம் திண்டிவனம் வட்டாரம் வரை கொண்டுவந்து விடும். கடைசி மூன்று அஞ்சலகத்தைக் காட்டும். ஸ்பீடு போஸ்ட் உறையில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், பிறகு நாட்டின் இரண்டு எழுத்து. அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் முதல் எட்டுக்கும் காவல்காரன். 47312482 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 200. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 2. பதினொன்றில் இரண்டு போக 9. ஒன்பதாவது இலக்கம் அதுதான். ஓர் இலக்கத்தை யாராவது தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் உடனே முரண்டு பிடிக்கும். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த இக்கணக்கில் குறை காண முடியாது.

குறை வேறிடத்தில். எண், மூட்டை திண்டிவனத்தைத் தாண்டியதைச் சொல்லும். ஒரே நிறத்து அட்டைப்பெட்டிக் குவியலில் நம்முடையது எது என்று காட்ட, கையில் ஸ்கேனரும் அதில் சார்ஜும் வேண்டும். பிறகு டெலிவரித் தம்பி போன் செய்வார்.

"சார், வீடு எங்க?"

"கோட்டைக்கு எதிர்ல தம்பி."

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலையில் பரந்த கோட்டைக்கு ஊரே எதிரில்தான் இருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தும் அந்தத் தம்பிக்கு ஒரு பயனும் இல்லை. டீக்கடைக்குப் பக்கத்து வீடு என்று சொன்னவருக்கு மதியத்துக்குள் பார்சல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெரிய சின்னம் முகவரிக்கு ஆகாது என்பது இரண்டாம் முடிபு.

செஞ்சிக்குச் சரக்கு அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: முகவரியைச் சாக்கின் இரண்டு பக்கமும் எழுதுங்கள், பெறுபவரின் போன் நம்பரோடு ஒரு துண்டுச் சீட்டை உள்ளேயும் போட்டுத் தையுங்கள். வாடகையைப் 'பெய்ட்' ஆகவே கட்டிவிடுங்கள்.