கவலை ஓட்டினவன் பேச்சைக் கேளு மாப்ளே!

வா மாப்ளே, வா. கார்ல வந்தியா, கிணத்துல குதிச்சுட்டு வந்தியா? வலது தோள் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, இடது தோள் காய்ஞ்சு கிடக்கு! டோல்கேட்ல டேக்ல காசு இல்ல, கண்ணாடியும் இறங்கல, கதவைத் திறந்து மழையில தலையை நீட்டினியாக்கும். பின்னாடி வந்த கிரானைட் லாரிக்காரன் அடிச்ச ஆரன் இங்க காவேரிப்பட்டணம் வரைக்கும் கேட்டுச்சு. ஏதோ சாமி ஊர்வலம் வருதுன்னு உன் அத்தை தேங்காய் எடுத்து வச்சுட்டா.

போன மாசம் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வாங்கின வண்டிதானே இது? வித்தவன் கன்னடத்துல சொன்னான், புரோக்கர் தெலுங்குல சொன்னான், நீ தமிழ்ல தலையாட்டினே. மூணு பாஷையிலயும் ‘வண்டி நல்ல வண்டி’ன்னுதான் பேச்சு. ஒரு பாஷையிலயாவது பட்டனை அமுக்கிப் பார்த்தியா?

என் டிவிஎஸ் 50-ஐப் பாரு. 1980-ல உங்க ஓசூர்ல பிறந்த வண்டி ஜாதி. இன்னிக்கு வரைக்கும் கண்ணாடி மக்கர் பண்ணினதே இல்ல. கதவே இல்லாத வண்டியில கண்ணாடிக்கு என்ன வேலைன்னு கேக்காதே. இல்லாத சாமான் ரிப்பேர் ஆகாது. அது என் சாமர்த்தியம்.

சரி, என்ன பண்ணலாம்னு இருக்கே? ஒரு பட்டறையில கேட்டியா, நாலு கதவுக்கும் மோட்டார் மாத்தணும்னு சொல்லிட்டானா? நாலு மோட்டாரும் ஒரே நாள்ல, ஒரே மழையில, ஒண்ணா சேர்ந்து உசுரை விட்டுச்சாம். நீயும் நம்பிட்டே. சிப்காட்ல மெயின்டனன்ஸ் சம்பளம் வாங்குறவன்தானே நீ? கம்பெனியில கோடி ரூபா மிஷின் நின்னா முதல்ல எதைப் பாப்பே? கரண்ட் வருதான்னு பாப்பே. உன் சொந்த வண்டி நின்னா மட்டும் பர்ஸைப் பாக்குறே.

நான் காரைக் கண்டவன் இல்ல மாப்ளே. ஆனா கவலை ஓட்டினவன். சிரிக்காதே, மனக்கவலை இல்ல, அது உன் அத்தைக்கு. நான் சொல்றது மாட்டைப் பூட்டித் தண்ணி இறைச்ச கவலை. கிணத்து மேல உருளை, உருளை மேல வடம், வடத்து முனையில சால். மாடு நடந்தா சால் ஏறும். உன் கதவுக்குள்ள இருக்கறதும் அதே கவலைதான். சாலுக்குப் பதிலா கண்ணாடி, வடத்துக்குப் பதிலா இரும்புக் கம்பிக் கேபிள், அந்தக் கேபிள் ஓட ரெண்டு மூணு குட்டி உருளை, மாட்டுக்குப் பதிலா மோட்டார். இதுக்குப் பேரு ரெகுலேட்டராம். எங்க காலத்துல பேரு வைக்காமலே தண்ணி ஏறிச்சு.

சால் ஏறலன்னா மாட்டையா விப்போம்? வடம் அறுந்துச்சா, உருளை சிக்கிச்சா, மாடு படுத்துடுச்சான்னு பாப்போம். அப்படித்தான் இதுவும். பணம் கேக்குறது பட்டறைக்காரன் வாய், பதில் சொல்றது உன் காது. முதல்ல காதை கதவுல வை, பட்டனை அமுக்கு.

‘விர்ர்’னு மோட்டார் ஓடுது, கண்ணாடி அசையலன்னா மாடு நடக்குது, வடம் அறுந்துடுச்சு. ரெகுலேட்டரைப் பாக்கணும். ‘கடகட’ன்னா கேபிள் சிக்கிக் கிடக்கு, இன்னும் அமுக்கி அமுக்கி அதை முடிச்சு போட்டுடாதே. சத்தமே இல்லையா? அப்ப ராத்திரியில உள் லைட்டைப் போட்டுட்டு அமுக்கு. லைட் லேசா மங்கினா கரண்ட் மோட்டாருக்குப் போகுது, அது திணறுது. அந்த நேரத்துல கதவுப் பலகையை உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டு. சிக்கின மோட்டார் சில சமயம் முழிச்சுக்கும். முழிச்சுக்கிட்டா சந்தோஷப்படாதே, கண்ணாடியை மேல ஏத்தி நிறுத்திட்டு மெக்கானிக்கைப் பாரு. தட்டி எழுப்புற மாடு ரொம்ப நாள் இறைக்காது.

ஒண்ணு நல்லா ஓடிட்டு திடீர்னு நின்னுச்சா? குழந்தைங்க மேல கீழ மேல கீழன்னு விளையாடியிருக்கும். சூடேறினா தானா நின்னுக்கிற ஏற்பாடு பல மோட்டாருக்குள்ள இருக்கு. பத்து நிமிஷம் ஆறவிடு. வெயில்ல அடிச்சா மாடே படுத்துக்கும், மோட்டார் படுத்தா என்ன கோவம்?

கண்ணாடி மெதுவா முக்கி முனகி ஏறுதா? நீ தினமும் கிரானைட் லாரிக்குப் பின்னாலயே வர்றே. அந்தத் தூசி பூரா கண்ணாடி ஓடுற ரப்பர் பள்ளத்துல குடியிருக்கு. ஈரத்துணியால துடைச்சுட்டு சிலிக்கோன் ஸ்ப்ரே அடி. செக்கு எண்ணெய், கிரீஸ் எல்லாம் தடவாதே. எண்ணெய் பட்ட இடத்துல தூசி மாவு பிசைஞ்சுடும். அப்புறம் உன் அத்தை களி கிண்டுற துடுப்புதான் தேவைப்படும்.

மூணு கண்ணாடி ஏறல, டிரைவர் கண்ணாடி மட்டும் ஏறுதுன்னா செலவே இல்ல. டிரைவர் கதவுல ஒரு பூட்டு பட்டன் இருக்கும், குழந்தைங்க நோண்டாம இருக்க. உன் முட்டி பட்டு அது அமுங்கியிருக்கும். போன வருசம் நம்ம பக்கத்து வீட்டுக்காரன் அந்த ஒரு பட்டனுக்கு ஒரு நாள் பூரா பட்டறையில உக்காந்துட்டு, காசும் கொடுத்துட்டு வந்தான். இப்ப அந்தப் பட்டனைப் பாக்கும்போதெல்லாம் கும்பிடு போடுறான்.

நாலும் ஏறலன்னா ஃப்யூஸ் பெட்டியைத் திற. மூடியிலயோ, வண்டி புத்தகத்துலயோ எது எதுக்குன்னு படம் இருக்கும். கம்பி அறுந்த ஃப்யூஸைக் கழட்டிட்டு அதே நம்பர் போட்டதைப் போடு. 20-ன்னா 20, 30-ன்னா 30. மறுபடியும் போச்சுன்னா எங்கயோ ஒயர் உரசுதுன்னு அர்த்தம். பம்பு செட் ஃப்யூஸ் கேரியர்ல தடிக் கம்பி போட்டுக் காயில் கருகவிட்டவன் நான். மோட்டார் கட்டுன கூலி, பயிர் காய்ஞ்ச நஷ்டம், உன் அத்தை பேச்சு, மூணும் ஒரே கம்பியில வந்துச்சு.

கறுப்பு ஃபிலிம் வேற ஒட்டி வச்சிருக்கே. 2012-லயே சுப்ரீம் கோர்ட் வேண்டாம்னுடுச்சு. பக்கக் கண்ணாடி 50 சதவீதம், முன்னும் பின்னும் 70 சதவீதம் வெளிச்சம் விடணும்னு சட்டம். உள்ள உக்காந்திருக்கறது நீதானே, ஊருக்கே தெரிஞ்ச முகம். மறைச்சு என்ன ஆகப்போகுது?

இப்ப உன் கதைக்கு வர்றேன். நாலும் அசையல, ஃப்யூஸும் நல்லா இருக்குன்னு நீயே பாத்துட்டே. சரி, டிரைவர் கதவைப் பாதி திற. பாதிதான். பட்டனை அமுக்கு... இறங்குச்சா? இன்னும் கொஞ்சம் சாத்து. நின்னுச்சா? அதோ, கதவுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கே, அதுக்குள்ள ஒயரு ஓடுது. கதவைத் திறந்து சாத்தித் திறந்து சாத்தி, வளைஞ்சு வளைஞ்சு அதுல ஒண்ணு அறுந்துருச்சு. மத்தக் கதவுக்கும் இந்த வழியாத்தான் கட்டளை போகுது. மோட்டார் நாலும் உசுரோட இருக்கு மாப்ளே, சேதி சொல்ற ஆள்தான் செத்துட்டான். பாட்டரி ஒயரைக் கழட்டிட்டு, எலக்ட்ரீஷியன்கிட்ட ஒயரைச் சேர்த்து ஈயம் வச்சு மூடச் சொல்லு. டேப் சுத்தினா அடுத்த மழைக்கு மறுபடியும் நீ இங்க வந்து நிப்பே.

வேலை முடிஞ்சதும் கண்ணாடி தானா ஏறுற வசதி மறந்துபோனா பயப்படாதே. மேல வரைக்கும் ஏத்திட்டுப் பட்டனை இன்னும் கொஞ்ச நேரம் விடாம பிடி. பல வண்டிக்கு அதுவே ஞாபகம் வந்துடும்.

என் கூலியா? நாலு மோட்டார் காசு மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கேன், கூலி கேக்கமாட்டேன்னு நினைச்சியா? இந்த ஞாயித்துக்கிழமை உன் அத்தையையும் என்னையும் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்குக் கூட்டிட்டுப் போ. ஏசி வேண்டாம், நாலு கண்ணாடியையும் இறக்கிவிடு. அத்தை பேச ஆரம்பிச்சா காத்துச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கக்கூடாது.