கம்யூனிட்டி காலேஜில் கவிதையை ஒழிப்பது எப்படி?

புதிய டீன் அவர்களுக்கு வாழ்த்துகள். அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அதில் ஒன்று இப்போது உங்கள் கையில். இரண்டு வருடப் படிப்பு, குறைந்த கட்டணம், பள்ளி முடித்த யார் வந்து நின்றாலும் இடம். 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் நர்சிங், வெல்டிங், கணக்குப்பதிவு எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கின்றன. பாட அட்டவணையைப் புரட்டும்போது ஒரு வரி மட்டும் உங்கள் கண்ணை உறுத்தியிருக்கும்: ‘கவிதை எழுதுதல், 3 கிரெடிட்’. அதை எடுப்பதற்கான வழிமுறைகள் கீழே.

முதலில் ஓர் எச்சரிக்கை. “கவிதை வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ஓய்வுபெற்ற நூலகர்கள் பதாகையோடு வாசலில் நிற்பார்கள். அதைவிட ஆபத்து, உங்களைப் பற்றியே கவிதை எழுதிவிடுவார்கள். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது.

1. ஆள் சேரவில்லை என்று காட்டுங்கள்

வகுப்பு நடக்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று ஒரு விதி ஏற்கெனவே இருக்கும். அதை மாற்ற வேண்டாம். எண்ணும் நாளை மட்டும் முன்னால் தள்ளுங்கள். உங்கள் மாணவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். கடையில் அடுத்த மாத ஷிஃப்ட் என்னவென்று தெரிந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்து, அதன்பிறகுதான் பதிவு செய்வார்கள். நீங்கள் ஒரு வாரம் முன்பே ரத்து செய்துவிட்டால் அவர்கள் வரும்போது வகுப்பே இருக்காது. அடுத்த வருடம் அந்த ரத்தையே சான்றாகக் காட்டி, ‘தேவை இல்லை’ என்று குறிப்பு எழுதலாம்.

நேரமும் முக்கியம். செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு வையுங்கள். தப்பித்தவறி இரவு 7 மணிக்கு வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மஞ்சள் சட்டையைக் கழற்றாமலே வந்து உட்காருவார். பக்கத்தில் நர்சிங் மாணவி, மறுநாள் உடற்கூறியல் தேர்வுக்கான அட்டைகளை மேசைக்கடியில் புரட்டிக்கொண்டு. மூலையில், பேரன் படிக்கும் காலேஜில் தானும் படிக்க வந்த பாட்டி. ஃபோர்க்லிஃப்ட்காரர் வண்டி பின்னால் வரும்போது கேட்கும் பீப் சத்தம் கனவிலும் விடாமல் துரத்துவதை எட்டு வரியில் எழுதி வந்திருப்பார். நர்சிங் மாணவி அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, “அந்த வரியை இன்னொரு தடவை படிங்க” என்பாள். இந்த நிலைக்கு வளர விட்டுவிட்டால் பிறகு கஷ்டம்.

2. பாதை போட்டுக் கொடுங்கள்

அசோசியேட் பட்டத்துக்குச் சுமார் 60 கிரெடிட் தேவை. எந்தெந்தப் பாடத்தால் அந்த 60 நிரம்ப வேண்டும் என்று ஒரு வரைபடம் தயாரித்து, ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுங்கள். கவிதைக்கு அதில் இடம் வேண்டாம். பட்டத்தில் சேராத பாடத்துக்கு மத்திய அரசின் உதவிப்பணம் செல்லாது; ஆகவே நீங்கள் தடுக்கவே வேண்டாம், பணம் தடுத்துவிடும். நான்கு வருடப் பல்கலைக்கழகம் இந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்று மாணவர் கேட்டால், உதட்டைப் பிதுக்கினால் போதும்.

மாணவர்கள் வழி தவறாமல் இருப்பது ஏன் அவசியம் என்பதற்கு கேரி சோட்டோ என்பவரே உதாரணம். கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ சிட்டி காலேஜுக்குப் புவியியல் படிக்கப் போனவர். நூலகத்தில் புதிய அமெரிக்கக் கவிதைகளின் தொகுப்பு ஒன்று கையில் சிக்கியது. அவ்வளவுதான், புவியியல் ஒரு மாணவரை இழந்தது. இன்று அவர் மெக்சிகோ வழி வந்த அமெரிக்கர்களின் முக்கியக் கவிஞர்களில் ஒருவர். நூலகத்தில் அந்த அலமாரி இருந்த இடத்தில் நாலு சார்ஜிங் பாயிண்ட் வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

3. திரும்ப வருகிறவர்களை வரவிடாதீர்கள்

ஒவ்வொரு செமஸ்டரும் அதே கவிதை வகுப்பில் மறுபடி பெயர் கொடுக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள். கலிஃபோர்னியாவின் கட்டணப்படி ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர். மூன்று கிரெடிட்டுக்கு 138 டாலர் கட்டி ஒரு பருவம் முழுக்க எழுதுவார்கள், புதுப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், வகுப்பு நடக்கத் தேவையான எண்ணிக்கையையும் சத்தமில்லாமல் நிரப்புவார்கள். தேறிய பாடத்தை மறுபடி எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால் ஒரே அடியில் இவ்வளவும் போகும். கலிஃபோர்னியா 2013 வாக்கில் அப்படிச் செய்து வழிகாட்டியிருக்கிறது.

4. ஆசிரியரை ஓரிடத்தில் நிற்க விடாதீர்கள்

இந்தக் கையேட்டின் உயிர்நாடி இதுதான். கவிதை வகுப்பைப் பகுதிநேர ஆசிரியரிடம் கொடுங்கள். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியர்களில் பாதிக்கு மேல் பகுதிநேரத்தார் என்பதால் ஆள் தேட வேண்டியதில்லை. காலையில் ஒரு ஊர், மதியம் உங்கள் ஊர், இரவு வேறு ஊர் என்று காரிலேயே குடித்தனம் நடத்துகிறவராக இருந்தால் உத்தமம். அலுவலக அறை கொடுக்காதீர்கள். மாணவர் கவிதையோடு தேடி வந்தால் கார் பார்க்கிங்கில்தான் சந்திக்க வேண்டும். சம்பளம் வகுப்பறை மணிக்கணக்குக்கு மட்டும். ஒரு வரியைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் அது அவர் சொந்தச் செலவு.

ஒரே ஓர் ஆள் நிலையாக நின்றால் என்ன விபரீதம் நடக்கும் என்பதற்கு நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரம் சாட்சி. பட்டு ஆலைகளால் வாழ்ந்து, ஆலைகள் போனபின் நொடித்துப்போன ஊர். அங்கே பசேயிக் கவுண்டி கம்யூனிட்டி காலேஜில் 1980-இல் மரியா மாட்ஸியோட்டி கில்லன் என்பவர் ஒரு கவிதை மையம் தொடங்கினார். அதே ஊரில் இத்தாலியக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். வீட்டில் பேசியது இத்தாலியன், பள்ளிக்குப் போனபின்தான் இங்கிலீஷ். அந்த மையத்தை விட்டுப் போகாமல் பல பத்தாண்டுகள் வாசிப்புக் கூட்டம், பட்டறை, பரிசு, ‘பேட்டர்சன் லிட்டரரி ரிவ்யூ’ என்று நடத்திவிட்டார். அந்த ஊரில் வளர்ந்த கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் பெயரிலும் ஒரு பரிசு. பக்கத்து ஊர் டாக்டர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் அந்த ஊரைப் பற்றியே ஐந்து பாகத்துக்கு ஒரு நெடுங்கவிதை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார் என்பது வேறு. காலேஜ் செய்த தவறு, கில்லனை இடம் மாற்றாமல் வைத்திருந்ததுதான்.

5. பட்டறையை இனிப்பாக்குங்கள்

வகுப்பை மூட முடியாவிட்டால் உப்புச்சப்பில்லாமல் ஆக்கலாம். அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையிலிருந்து நாடெங்கும் பரவிய முறையில், எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க, மற்றவர்கள் அவர் கவிதையை அக்கக்காகப் பிரிப்பார்கள். கடுமைதான், ஆனால் சில சமயம் உண்மை வெளிப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக ஒரு படிவம் அச்சடியுங்கள்: ‘எனக்குப் பிடித்தது’, ‘மேலும் பிடித்தது’. எல்லாரும் எல்லாரையும் பாராட்டி, யாரும் ஒரு சொல்லையும் மாற்றாமல் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

6. ஏப்ரலில் கொண்டாடுங்கள்

1996 முதல் ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் தேசியக் கவிதை மாதம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்ட இதைவிட நல்ல மாதம் அமையாது. ஒரு போஸ்டர், ஒரு கேக், நீங்கள் மேடையில் நின்று ‘கவிதை நம் கல்லூரியின் ஆன்மா’ என்று ஐந்து நிமிடம். மற்ற பதினொரு மாதத்துக்குக் கணக்கு நேராகிவிடும்.

மாணவர்கள் ஸ்லாம் போட்டி கேட்டால் மட்டும் யோசியுங்கள். சிகாகோவில் கட்டட வேலை செய்த மார்க் ஸ்மித் என்பவர் 1980-களில் மதுக்கடையில் ஆரம்பித்த விளையாட்டு அது. மூன்று நிமிடத்துக்குள் கவிதை. கூட்டத்திலிருந்து கண்ணில் பட்ட ஐந்து பேர் நடுவர். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பண்டிதர் தேவையில்லாத ஏற்பாடு உங்கள் மாணவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். அரங்கத்துக்குக் காப்பீட்டுப் படிவம் கேட்டு இழுத்தடியுங்கள்.

7. இதழை இணையத்துக்கு அனுப்புங்கள்

வருடம் ஒருமுறை வரும் மாணவர் இதழின் அச்சை நிறுத்துங்கள்; ‘காகிதம் மிச்சம்’ என்றால் எதிர்த்துப் பேச ஆளிராது. அச்சில் பெயர் வந்த பக்கத்தை அம்மாவிடம் காட்டி, அம்மா அதைச் சமையலறை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைக்கும் அபாயம் பிடிஎஃப் கோப்பில் இல்லை.

8. காத்திருக்காதீர்கள்

கவிஞர் க்வெண்டலின் ப்ரூக்ஸ் 1936-இல் சிகாகோவின் வில்சன் ஜூனியர் காலேஜில் படிப்பை முடித்தார். 1950-இல் புலிட்சர் பரிசு. அதை வென்ற முதல் கறுப்பினத்தவர். நடுவில் 14 வருடம். எந்த டீன் அவ்வளவு நாள் பதவியில் இருக்கிறார்? கவிதையின் பலன் உங்கள் ஆண்டறிக்கைக்குள் ஒருபோதும் வந்து சேராது. வருவதை மட்டும் எண்ணுங்கள்.

9. மிச்சமான பணம்

எல்லாம் முடிந்தபின் கையில் நிற்பது ஒரு பகுதிநேர ஆசிரியர் சம்பளமும் இதழின் அச்சுக்கூலியும். சின்னத் தொகைதான். அதனுடன் இன்னும் பல மடங்கு சேர்த்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துங்கள். மாணவர்கள் ஏன் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று அவர்கள் ஆராய்வார்கள். வேலை, வாடகை, பஸ் என்று பக்கம் பக்கமாக வரும், எல்லாம் உண்மை. கடைசியில், ‘தம் பெயர் தெரிந்த ஓர் ஆசிரியர், வாரம் ஒருமுறை கூடுவதற்கு ஓர் அறை, தம் பேச்சைக் கேட்கச் சிலர் இருந்தால் மாணவர்கள் தங்குகிறார்கள்’ என்றும் ஒரு பத்தி இருக்கும். அந்தப் பரிந்துரையை உடனே ஏற்று, அதற்கென்று ஒரு புதிய துணை டீனை நியமித்துவிடுங்கள்.